பிரிக்கத் தெரிந்தவள்

சட்டைக் காலரின் தையலை பிளேடு நுனியால் பிரிக்கும்போது அக்கா மூச்சு விடமாட்டாள். கடைசித் தையல் விட்டதும், "வந்துட்டியா" என்று துணியிடம் சொல்வாள். சலவைக் கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை அவளுக்கு. நைந்த காலரைத் திருப்பித் தைத்தால் சட்டை இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். பிரிக்கத் தெரியாதவளுக்குத் தைக்கவும் தெரியாது என்பது அவள் கட்சி.

வீட்டிலும் அதே கைதான். கிழிந்த போர்வை தலையணை உறையாகும். உறை நைந்தால் கரித்துணி, அதுவும் போனால் மிதியடி. கிறிஸ்துமஸ் வந்துவிட்டால், துணி போன குடையின் கம்பிகளை விரித்து விட்டத்தில் மாட்டி, உடைந்த பொத்தான்களைக் கோத்துத் தொங்கவிடுவாள். அதுதான் எங்கள் மரம். பரிசு சுற்றுவது பழைய காலண்டர் தாளில். அதையும் கிழிக்காமல் பிரித்துக் கொடுக்க வேண்டும்; இஸ்திரி போட்டு அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வாள். கிழித்துவிட்டால், "உங்கப்பன் காகித ஆலை வச்சிருக்கானா?" என்று மகன்மேல் பாய்வாள். தலை குனிவது அத்தான்.

மகன் படித்து முடித்த பிறகு இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் என்று பெயர் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து குடை மரத்தைப் படம் பிடித்துப் போனார்கள். அக்கா என் காதோரம் சொன்னாள்: "இல்லாமச் செய்றோம்னு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. பூமியக் காப்பாத்துறோம்னா போட்டோ எடுக்கிறாங்க பாரு."

மருமகள் அதிகம் பேசமாட்டாள். கல்யாணத்துக்கு முன்பே தாயை இழந்த பெண். அத்தை என்று அழைப்பதோடு சரி. அந்த வாயால் ஒருமுறையாவது அம்மா என்று கேட்டுவிட வேண்டும் என்று அக்காவுக்கு உள்ளூர ஒரு தவிப்பு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு, யார் கண்ணிலும் படாமல், கடைப் பின்னறையில் உட்கார்ந்து பின்னித் தீர்த்தாள்.

காலையில் எல்லோரும் காலண்டர் தாளைப் பதமாகப் பிரித்தோம். ஆளுக்கொரு பச்சை மஃப்ளர். அத்தான் உடனே கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். மருமகளுடையதில் மட்டும் ஓரத்தில் பூ வைத்துப் பின்னியிருந்தது. நூல் ஏது என்று மகன் கேட்டான். பீரோவின் அடித்தட்டில் ஒரு ஸ்வெட்டர் யாரும் போடாமல் தூங்கிக்கொண்டிருந்தது, பிரித்து நன்றாகச் சோப்புப் போட்டு அலசினேன், ஒரு முழம்கூட வீணாக்கவில்லை என்று அக்கா பூரித்துப்போய்ச் சொன்னாள்.

மருமகள் மஃப்ளரை முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"எங்கம்மா போட்டிருந்தது, அத்த." குரல் உயரவே இல்லை. "துவைச்சா வாசன போயிடும்னுதான் நான் போடாம வச்சிருந்தேன்."

அம்மாவுக்குத் தெரியாதில்லையா என்று மகன் ஏதோ ஆரம்பித்தான். அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் மஃப்ளரைக் கழற்றினாள். அத்தான் சின்னப் பிள்ளைபோலக் குனிந்து கொடுத்தார். எல்லாவற்றையும் மார்போடு சேர்த்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"கேட்டுட்டுச் செஞ்சா அது பரிசா?" என்றாள் அக்கா என்னிடம்.

பிறகு எழுந்து போய் அந்தக் கதவின் முன்னால் நின்றாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. தூக்கிய கையை மூக்கருகே கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.