ஓடும் ரயிலிலிருந்து ஒரு பால்கனி

மும்பை மாட்டுங்காவில் ஏறும் அந்த அண்ணாச்சியின் பெயரை நான் கேட்டதே இல்லை. நெற்றியில் திருநீறு, அரைக்கைச் சட்டை, மளிகைக்கடைத் துணிப்பைக்குள் ஒரு நல்ல கேமரா. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் சாயங்கால ஸ்லோ வண்டி பாண்டுப் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும், வாசல் கம்பியில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தைப் படமெடுப்பார். பிறகு திரையைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். தினமும் அதே கட்டடம்தான்.

ஒருநாள் புது லென்ஸோடு வந்தார். “நடுக்கத்த நிறுத்துமாம் தம்பி,” என்றார். அன்றும் படம் கலங்கலாகத்தான் விழுந்தது. திரையை என்னிடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, இது உங்க கை நடுக்கத்தத்தான் சரிபண்ணும். வண்டி ஓடுறதுக்கு இது என்ன செய்யும்? பாண்டுப்ல இறங்கி, நின்னு எடுங்க. பளிச்சுன்னு விழும்.”

“அந்த மூணாவது மாடி எம்மவ வீடு,” என்றார். “எங்களக் கேக்காமக் கெட்டிக்கிட்டா. பேச்சுவார்த்த கெடையாது. இந்நேரத்துக்குத்தான் பால்கனில துணி எடுக்க வருவா.”

“அப்ப இறங்கி நேராவே பாத்துட்டு வரலாமே?”

“இறங்குனா அவளும் பாத்துருவாள்லா. ‘வாங்கப்பா’ன்னு கூப்ட்டுட்டான்னா நான் என்ன செய்ய?”

படத்தில் மகள் ஒரு மஞ்சள் கோடாக இருந்தாள். அந்தக் கோட்டையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு தாணே வரைக்கும் வந்தார். அங்கே இறங்கி, வந்த வழியே திரும்ப எதிர் பிளாட்ஃபாரத்துக்குப் போய், பாண்டுப்பில் நிற்காத ஃபாஸ்ட் வண்டியாகப் பார்த்து ஏறினார்.