தீபாவளி இதழின் நாய்க்குட்டி

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடையை ஒட்டி ஒரு சின்ன டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் அங்கேதான் தயாராகும். அதை நடத்துகிற கலைமதியைச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவள் இன்னொரு வேலையும் செய்துவந்தது அநேகம் பேருக்குத் தெரியாது. நாய்க்குட்டி, பூனை, வண்ணமீன், குருவி விற்கிற கடைக்காரர்களுக்கென்றே சேலத்திலிருந்து 'வாலாட்டி' என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. அதன் அட்டைகளைச் செய்தது அவள்.

அட்டைக்காரி எப்போதும் ஒரு பருவம் முன்னால் வாழ வேண்டும். சித்திரை வெயிலில் மழைக்கால அட்டைக்குப் படம் எடுப்பாள். நாயின் தலைக்கு மேல் பொம்மைக் குடையைப் பிடித்து, பூவாளியால் தண்ணீர் தெளிப்பாள். ஐப்பசியில் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் முயலை உட்காரவைத்துப் பொங்கல் கொண்டாடுவாள். கடைக்காரர்கள் அந்த அட்டையைக் கயிற்றில் மாட்டிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்து வாங்க வருகிறவர்களின் கை பையைத் துழாவ வேண்டும், அதுதான் கணக்கு என்று ஆசிரியர் அருள்குமார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

படம் எடுப்பது அவள். பிராணியைப் பிடித்துக்கொள்வது அவள் கணவன் சென்றாயன்.

சென்றாயனுக்கு ஊருக்கு வெளியே மானாவாரி நிலம். ராகி, கொள்ளு, கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி. ஆடுமாட்டோடு வளர்ந்தவன். எந்த நாயும் அவன் கை பட்டால் அடங்கிவிடும். காதுக்குப் பின்னால் விரலை வைத்து என்னவோ முணுமுணுப்பான். "அப்படி என்னதாங்க சொல்றீங்க அதுங்கிட்ட?" என்று கேட்டால், "ரெண்டு நிமிசம் சும்மா இரு, பொம்பள கோவிச்சுக்குவான்னு சொல்றேன்" என்பான். அவன் கைகள் எல்லாப் படத்திலும் இருந்தன. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கைகளை அவள் ஒவ்வொன்றாக அழிப்பாள். விரல் இருந்த இடத்தில் ரோமத்தை இழுத்து நிரப்புவாள். வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்தக் குட்டி தானாக உட்கார்ந்து தானாகச் சிரிக்க வேண்டும்.

தீபாவளி அட்டையில் மத்தாப்பு வைக்கலாம் என்று ஒருமுறை அருள்குமார் கேட்டார். சென்றாயன் ஒத்துக்கொள்ளவில்லை. "வெடிச் சத்தத்துக்கு வாயில்லா ஜீவன் கட்டிலுக்கு அடியில போயி நடுங்குது. அதும் பக்கத்துல மத்தாப்ப வெச்சு சிரிக்கற மாதிரி போடுவியா? வெளக்கு வைய்யி, போதும்" என்றான். அதனால் வாலாட்டியின் தீபாவளி அட்டைகளில் அகல்விளக்கு மட்டுமே எரிந்தது.

அந்த வருடம் ஆடி மாதம். தீபாவளி அட்டைக்குக் குட்டி தருவதாகச் சொன்ன தர்மபுரிக் கடைக்காரர் கடைசி நேரத்தில் குட்டி விற்றுவிட்டது என்று கையை விரித்தார். சேலத்துக்குப் படம் போயாக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "எங்கியாவது ஒரு குட்டி கெடைக்குமாங்க?" என்று கலைமதி போனில் கேட்டாள். தக்காளிக் கூடை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சென்றாயன், சாலையோரம் சாக்குமேல் சுருண்டு கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிவந்தான். செம்மண் நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அவ்வளவு லட்சணமான குட்டி அதுவரை எந்த அட்டைக்கும் கிடைத்ததில்லை.

"ரொம்ப சொங்கிப்போயி இருக்குதே" என்றாள்.

"தாய விட்டுட்டு வந்துருக்குது. பயம். கொஞ்ச நேரத்துல சரியாப் போவும்."

கழுத்தில் பட்டுத் துணி கட்டும்போது அது திமிறியது. சென்றாயன் "ச்சூ" என்று கையை உதறினான். பிறகு சிரித்துக்கொண்டே மறுபடி பிடித்துக்கொண்டான். விளக்கு வெளிச்சத்தில் குட்டி ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்த ஒரு நொடியை அவள் பிடித்துவிட்டாள். அவள் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது. பிறகு அட்டையைப் பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சென்றாயன் குட்டியைத் தூக்கிவந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் படத்தைப் பெரிதாக்கிக் கைகளை அழிக்க உட்கார்ந்தாள். திரை முழுக்க அவன் கட்டைவிரல். அதன் அடியில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு.

"இது என்னாங்க, கீறலு?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேலி முள்ளு கிழிச்சுதுடி. நேத்திக்கு."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கோட்டையும் விரலையும் சேர்த்து அழித்தாள். பட்டுத் துணியின் மடிப்பு அந்த இடத்தை மூடிக்கொண்டது.

புரட்டாசி பிறந்தபோது இதழ் அச்சாகி வந்தது. அதே வாரம்தான் சென்றாயன் கை எரிகிறது என்றான். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குது என்று கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். காய்ச்சல் வந்தது. ஊர் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் மாத்திரை போட மகள் காவியா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கியவன் வாயருகே கொண்டுபோனான். தொண்டை இறுகி, உடம்பு தூக்கிப்போட்டு, தம்ளர் தெறித்து விழுந்தது. எட்டு வயதுப் பெண் மிரண்டு சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். மின்விசிறிக் காற்று மேலே பட்டாலும் அவனால் தாங்க முடியவில்லை.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறெதுவும் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டார். "நாய் ஏதாவது கடிச்சுதா? கீறுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லத்தான் கலைமதி வாயைத் திறந்தாள். அப்போது அந்தச் சிவப்புக் கோடு அவள் கண்முன் வந்து நின்றது. திரையளவு பெரிதாக.

டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. "பட்டவுடனே சோப்பு போட்டுக் கழுவிட்டு, அன்னிக்கே ஊசி போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. நோய் வெளிய தெரிஞ்சதுக்கப்புறம் எங்க கையில எதுவும் இல்ல. கூட இருந்தவங்க எல்லாரும் இன்னிக்கே ஊசி போட்டுக்குங்க."

தனி அறையில் விளக்கைக் குறைத்து அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். இடையிடையே தெளிந்து பேசினான். அப்படித் தெளிந்த ஒரு நேரத்தில், "அது முள்ளு இல்ல கலை" என்றான்.

"தெரியுதுங்க."

"பல்லு பட்டுது. துளிதான். சொன்னா நீ பயந்துக்குவ, படத்த அனுப்பாம வுட்டுருவன்னு பார்த்தேன். அந்தக் குட்டி நாலஞ்சு நாள்ல செத்துப்போச்சு. வண்டி ஏத்திட்டான்னு நெனச்சேன்."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைத் தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"அட்ட வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

"பாப்பாவுக்கு ஊசி போட்டியா?"

"போட்டாச்சுங்க. நானும் போட்டுக்கிட்டேன்."

"அது போதும்" என்று கண்ணை மூடினான். அதன்பிறகு அவன் பேசியது எதுவும் யாருக்கும் புரியவில்லை. அடுத்த நாள் மதியம் போய்விட்டான்.

உடலை ஏற்றிக்கொண்டு வண்டி தர்மபுரிக் கடைவீதி வழியாக வந்தது. நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றது. கலைமதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிரே நாய் சாப்பாடு விற்கிற கடை. கல்லாவுக்கு மேல் புது வாலாட்டி தொங்கியது. செம்மண் குட்டி, நெற்றியில் பொட்டோடு, விளக்கு வெளிச்சத்தில் அவளையே பார்த்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அதைக் காட்டித் தன் அப்பாவிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.

மாமியார் காசியம்மாள் அழுத அழுகையை ஊரே கேட்டது. "படம் புடிக்கறேன், படம் புடிக்கறேன்னு எம்புள்ளய நாய்க்கிட்ட குடுத்துட்டாளே!" கூடியிருந்த பெண்கள் அவளை அடக்கப் பார்த்தார்கள். கலைமதி அடக்கவேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினாள். மாமியார் சொன்னதில் பொய்யென்று தள்ள அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. குட்டி வேண்டும் என்று போன் போட்டவள் அவள். கீறலைப் பார்த்தவளும் அவள். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

தை அட்டைக்கும் கோடை அட்டைக்கும் அவள் மீன்தொட்டியைப் போட்டாள். மீனை யாரும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. யாரும் குறை சொல்லவில்லை. மழைக்கால அட்டைக்கு நேரம் வந்தபோது அருள்குமார் நேரிலேயே கடைக்கு வந்தார். கணவன் இறந்ததற்குத் துக்கம் விசாரித்துவிட்டு, அட்டைப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவளே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

குழாய்த் தண்ணீரில் ஒரு கை. நுரை. அருகில், பழைய படத்திலிருந்து எடுத்த ஒரு கறுப்பு நாய் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. மேலே எழுத்து: 'சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். இன்றைக்கே ஊசி போடுங்கள்.' கை அவளுடையதுதான். அந்தப் படத்தில் அவள் எதையும் அழிக்கவில்லை. நகத்தில் மை இருந்தது, அதுவும் அப்படியே இருந்தது.

அருள்குமார் நெடுநேரம் பார்த்தார். "மேடம், இது உள்பக்கத்துல போடலாங்க. முழுப்பக்கமே தர்றேன். அட்டையில போட்டா..."

"மழைக்கால அட்டைக்குத் தண்ணி வேணும்பீங்களே சார். தண்ணி இருக்குதே."

"கடைக்காரங்க மாட்ட மாட்டாங்க. குட்டி வாங்க வர்றவங்கள நாமே பயமுறுத்தற மாதிரி ஆயிடும்."

"பயந்துக்கட்டும் சார். எங்க வூட்டுல யாரும் பயந்துக்கல." அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. "உள்பக்கத்த யாரு சார் பார்க்கறாங்க? நானே பார்த்ததில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "சரி, அனுப்புங்க" என்றார்.

அவர் பயந்தபடியே நடந்தது. பல கடைகளில் அந்த இதழைப் புரட்டிப் பின்னட்டை தெரிகிற மாதிரி மாட்டினார்கள். விளம்பரம் தருகிற ஒருவர் இனி தரமாட்டேன் என்றார். கம்பைநல்லூரிலிருந்து ஒருவர் போன் செய்து, "நாய்க்கடைக்கு நாய்க்கடி போஸ்டரா? உங்களுக்கு என்னா பைத்தியமா?" என்று கத்தினார். கலைமதி அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். அதற்கடுத்த தீபாவளி அட்டை கோயம்புத்தூரில் வேறொருவருக்குப் போனது. அருள்குமார் வருத்தத்தோடுதான் சொன்னார். அவளும் மனத்தாங்கல் இல்லாமல்தான் கேட்டுக்கொண்டாள். இனிமேல் குட்டிகளின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

வருடத் திதி முடிந்து சில நாள் கழித்து அரூரிலிருந்து ஒரு போன். பச்சியப்பன் என்று பெயர் சொன்னார். மீனும் நாய்ச் சங்கிலியும் விற்கிற சின்னக் கடையாம். பத்திரிகையில் நம்பர் பார்த்துப் பேசுவதாகச் சொன்னார்.

"அந்தக் கை கழுவற அட்டய நான் இன்னும் கழட்டலிங்கம்மா. நேத்து சித்தேரி மலையிலிருந்து ஒரு ஆளு வந்தாரு, கயிறு வாங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, காலத் தூக்கிக் காட்டி, இதுக்குமாங்கன்னு கேட்டாரு. நாய் பல்லு பட்டு ரெண்டு நாளு ஆச்சாம். கடைய சாத்திட்டு நானே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி ஊசி போட வெச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் கலைமதி.

போனை வைத்ததும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். கேட்பவர்கள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். அது இல்லை. பெயர் தெரியாத அந்த மலைக்காரர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு ஒரு மனைவி இருப்பாள். நடக்காமல் போனது என்னவென்று அவளுக்குத் தெரியவே போவதில்லை. நேற்று அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, கயிறு வாங்கப் போனவருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று சலித்துக்கொண்டிருப்பாள். தனக்கும் அப்படிச் சலித்துக்கொள்ள ஒருவன் வேண்டும் என்றிருந்தது கலைமதிக்கு.

கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். காதுகுத்துக்கு பேனர் வேண்டுமாம். கலைமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. பாப்பா பேரு என்னாங்க?"