இரண்டு செம்புத் தண்ணீர்

கண்ணில் மருந்து விடும் நேரம் நெருங்கினாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்று குப்பி மருந்து. எந்தக் குப்பி எத்தனை வேளை, நுனி இமையில் பட்டால் என்ன ஆகும், ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் கூடாது என்றால் முகத்துக்காவது கூடுமா என்று காரைக்குடி ஆஸ்பத்திரி நர்ஸை நச்சரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போனிலும் இரண்டு முறை கேட்டேன். சின்னப் பிள்ளைகூட இப்படிப் பயப்படாது என்று அந்தப் பெண் சிரித்தது. என் வீட்டுக் கதை அதற்குத் தெரியாது.

மருந்து விடுவது என் மனைவி. அவளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை.

ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய இடது கண்ணில் இதே ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள், கொத்தமங்கலத்தில் எங்கள் பங்காளி ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பங்காளி வீட்டுச் சாவு காதில் விழுந்துவிட்டால், தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் யாரும் அடுப்படிக்குள் நுழைய மாட்டார்கள். டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாரே என்று அவள் தயங்கினாள். நாலு பேர் என்ன பேசுவார்களோ என்றே காலத்தை ஓட்டியவன் நான்.

"கண்ணை இறுக்க மூடிக்க. ரெண்டு செம்புதான், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவள் குனியக் கூடாதாம். அதற்காக வளவு முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, தொட்டித் தண்ணீரை நானே மொண்டு ஊற்றினேன். அந்த அக்கறைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் கண் சிவந்து சீழ் வைத்தது. மதுரைக்குக் கொண்டு ஓடினோம். பார்வை போனது போனதுதான். கண்ணில் தண்ணீர் ஏதும் பட்டதா என்று டாக்டர் கேட்டபோது, அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்குத் தேவலை.

இப்போது நான் நாற்காலியில் அண்ணாந்து உட்கார, அவள் என் முகத்துக்கு மேல் குனிகிறாள். கழுநீர் போல வெளுத்த அந்தக் கண்தான் முதலில் வருகிறது. என் கண்ணிலும் புரை படர்ந்திருந்ததால், அது இவ்வளவு வெள்ளை என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. புதுக் கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்று தெரிகிறது. என்னையறியாமல் இமையை இறுக்கிக்கொள்கிறேன், மருந்து கன்னத்தில் வழிகிறது. கண்ணை மூடினாலும் அந்த வெள்ளைக் கண் எதிரே நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை, கை கழுவினாயா என்று கேட்டேன். கழுவியாயிற்று என்றாள். சோப்புப் போட்டாயா என்றேன். திரும்பப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்த துண்டு சுத்தம்தானா என்றேன். மறுபடியும் போய்க் கழுவி, துடைக்காமல் ஈரக் கையை விரித்து உலர்த்தியபடி வந்து நின்றாள்.

"உங்க கண்ணுக்கு இம்புட்டுப் பயப்படுறீகளே, இதுல பாதி அன்னைக்கு என் கண்ணுக்குப் பயந்திருக்கலாமுல்ல?"

குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஏழு வருடமாகத் தொண்டையில் கிடந்த மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதீக, தலை ஆடும். கண்ணைத் தொறங்க" என்றாள்.

திறந்தேன். மருந்து சரியாக உள்ளே விழுந்தது.