ஆரோக்கியமான ரத்தம்

ரவ்தாவுக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஸ்பாக்ஸ் நகரத்தில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதில்லை. நிச்சயதார்த்தம் வரை போனதென்னவோ உண்மை. மாப்பிள்ளையின் அம்மாதான் கலைத்துவிட்டாள். "மாசத்துல ஒரு வாரம் படுத்துக்கிற மருமக எனக்கு எதுக்கு? வீட்டுல ஏற்கனவே ஒரு மெத்தை இருக்கு" என்று உறவுக்காரர்கள் முன்னால் சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். வாய்க்கொழுப்புக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

மாதவிலக்கு நாட்களில் ரவ்தா தன் வாடகை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்தபடி சுருண்டு கிடப்பாள். தோழிகளின் மருதாணி இரவுகள், பிள்ளைகளின் பெயர்சூட்டு விழாக்கள் எல்லாம் அப்படியே தவறிப்போயின. முதலில் கோபித்துக்கொண்டார்கள். பிறகு "அவ வரமாட்டா, விடு" என்றார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆறுதல்: இது எல்லாப் பெண்களும் படுவதுதான். ஜெபினியானா என்ற சிற்றூரில் இருக்கும் அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தாள். அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி ரொட்டிக்கு மாவு பிசைந்ததை ரவ்தா பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், தனக்குத்தான் தெம்பு போதவில்லை என்று நினைத்திருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் ஆராய்ந்ததே எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயைத்தான். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே போய்க் குடியேறிவிடுகிறது. அதை விரட்ட உடம்பு காவல் அணுக்களை அனுப்புகிறது. அவை இன்டர்லூகின், டி.என்.எஃப். என்று செய்தி சொல்லும் மூலக்கூறுகளைக் கக்குகின்றன. அந்தச் செய்தி உயிரணுவுக்குள் போய் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை எழுப்பிவிடுகிறது. எழுந்த புரதம் மேலும் மேலும் அதே செய்திகளை உண்டாக்கச் சொல்லி மரபணுக்களை முடுக்குகிறது. விரட்டப் போனவர்களே திருடனுக்குச் சோறு போட்டு வளர்க்கிற கதை. புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, நரம்புகள் முளைக்கின்றன, அழற்சி அடங்குவதே இல்லை.

ரவ்தாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அங்கே வந்த ரத்த மாதிரிகள் எல்லாம் பிள்ளை இல்லையென்று சிகிச்சைக்கு வந்த மனைவிமார்களுடையவை. ஆகவே இது கல்யாணமானவர்களின் நோய் என்று அவள் மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது. கல்யாணமாகாத பெண் பெண்நோய் மருத்துவரின் படியேறினால் அக்கம்பக்கம் வேறு கணக்குப் போடும் என்று அஞ்சுகிற குடும்பத்தில், அந்த நினைப்பைத் திருத்தவும் ஆள் இல்லை.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்களின் ரத்தம் வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடத்துப் பெண்களே கை நீட்டுவது அங்கே வழக்கம். பதிலுக்கு ஒரு காப்பியும் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம் ஒன்றும் கிடைக்கும். நீட்டுபவர்களிடம் ரவ்தாதான் கேட்பாள்: "மாதவிலக்குல அளவுக்கு மீறின வலி ஏதாவது உண்டா?" இந்த முறை ஓர் ஆள் குறைந்தது. ரவ்தா தானே கையை நீட்டினாள். அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டு, இல்லை என்று மனசாரச் சொல்லிக்கொண்டாள். குழாயில் பெயருக்குப் பதில் ஓர் எண் ஒட்டப்பட்டது.

சோதனைத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் ஆய்வுக்குத் தலைவியான டாக்டர் நஸீஹா. அழற்சி கூடினால் குழியில் மஞ்சள் கூடும்.

"ரவ்தா, இது என்ன கூத்து? நல்ல ரத்தத்து வரிசை எல்லாம் வெளுப்பா இருக்கு, இது ஒண்ணு மட்டும் மஞ்சளா நிக்குது."

"திரும்பப் போட்டுப் பாக்குறேன், டாக்டர்."

போட்டாள். மறுபடியும் மஞ்சள். அது யாருடைய எண் என்று அவளுக்கு முதல் தடவையே தெரியும்.

"குழாயை மாத்தி வெச்சிருப்பே. தூங்கிக்கிட்டே வேலை பாத்தியா? சரி விடு, அதைத் தூக்கிக் குப்பையில போடு. ஒண்ணு போனா குடி முழுகிடாது."

ஆமாம் டாக்டர், என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்தக் குழாய் குப்பைக்குப் போனால், அவள் பட்டதெல்லாம் வெறும் தெம்பில்லாமை என்பதும் முடிவாகிவிடும். குழாயைக் கையில் எடுத்தாள். போட மனம் வரவில்லை.

"மாத்தலை டாக்டர். அது என் ரத்தம்."

நஸீஹா கண்ணாடியைக் கழற்றினாள். "அன்னிக்குச் சளி, காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"ரத்தத்தை மட்டும் வெச்சு எதையும் சொல்லிட முடியாது, அது உனக்கே தெரியும். வலி உண்டா?"

"எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

"எப்படி இருக்கும்? சொல்லு."

சொன்னாள். இடுப்பிலிருந்து தொடை வரை இழுப்பது, வாந்தி, குளியலறைக்குத் தவழ்ந்து போவது, ரமலானில் மாதவிலக்கால் நோன்பு இல்லாத அந்த நாட்களிலும் ஒரு வாய் உணவு இறங்காதது. இதுவரை ஒருவரிடமும் இவ்வளவு சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

நஸீஹா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு அம்பத்திரண்டு வயசு ஆகுது. ஒரு நாள்கூட எனக்கு அப்படி வந்ததில்லம்மா."

ரவ்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அதைவிட மோசமான ஒரு தனிமை வந்தது. இத்தனை காலமும் ஊர்ப் பெண்களெல்லாம் தன்னோடு சேர்ந்து படுகிறார்கள் என்று நம்பியிருந்தாள். அந்த வாடகை அறையில் அவளோடு ஒருத்தியும் இருந்ததில்லை.

மறுவாரம் நஸீஹாவே ஸ்கேனுக்கு அழைத்துப்போனாள். இரண்டு சினைப்பைகளிலும் அதே நோயின் கட்டி இருந்தது. மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரவ்தா அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா, எனக்கு நோய் இருக்காம். அந்த வலி எல்லாருக்கும் வர்றது இல்லையாம்."

அம்மா அதட்டுவாள், சும்மா இரு என்பாள் என்று எதிர்பார்த்தாள். மறுமுனையில் அம்மா கோழிகளை விரட்டுவது கேட்டது. பிறகு சின்னக் குரலில் கேட்டாள்:

"அப்ப எனக்கு இருந்தது?"