மீற்றர் பலகை கத்திய பின்னேரம்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு, பாலத்தடி றோட்டில் குப்புறப் படுத்திருந்தேன்.

நேர்த்திக்கடன் இல்லை. குடிக்கவும் இல்லை. படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். பக்கத்தில் என் மைத்துனன் நேசன். சற்றுத் தள்ளி ஒரு கார். அது கத்திக்கொண்டிருந்தது... பீக்... பீக்... பீக்...

அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒருவரும் இல்லை. சரி, எழுதுகிறேன்.

நேசன் என் மனைவி பத்மாவின் தம்பி. புளியந்தீவில் ரேடியோ, ரீவி திருத்துகிறான். கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அமிர்தகழியில் ஒருவர் வெளிநாடு போகும்போது கைவிட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவன் தலையில் வந்து விழுந்தது. இரண்டே இரண்டு சீற். இறங்குவதென்றால் தவழ்ந்துதான் இறங்கவேண்டும். பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு வான் வண்டி ஒன்றின் எஞ்சினைப் பூட்டினான். சில்லுகளைப் பெரிதாக்கினான். எல்லாம் முடிந்து பார்த்தால், டாஷ்போட்டில் வெறும் ஓட்டைகள். மீற்றர்களை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்த ஊரில், இந்தக் காலத்தில், ஸ்போர்ட்ஸ் காருக்கு மீற்றர் எங்கே வாங்குவது? ரோச் லைற்றுக்குப் பற்றறி வாங்கினாலே ஏன், எதற்கு என்று ஆமி கேட்கிறது.

நேசன் விடவில்லை. ட்ரக்டரிலிருந்து ஒயில் மீற்றர். லொறியிலிருந்து சூடு காட்டுகிற மீற்றர். தண்ணீர் இறைக்கிற மெஷினிலிருந்து அம்பியர் மீற்றர். வானிலிருந்து பெற்றோல் மீற்றர். ஒரு பலகையில் வட்டம் வட்டமாகத் துளை போட்டு எல்லாவற்றையும் இறுக்கினான். ஒன்றாவது ஒழுங்காகக் காட்டவேண்டுமே. தாங்கி காய்ந்து கிடக்க, பெற்றோல் முள்ளு நிறைய இருக்கிறது என்றது.

"பலகைக்கு எர்த் இல்ல அத்தான். தகரமெண்டாத் தானா எடுக்கும். இதுக்கு ஒவ்வொண்டுக்கும் தனி வயர் இழுக்கணும்" என்றான்.

இழுத்தான். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இடியப்பம் பிழிந்து வைத்த மாதிரி வயர்.

ஆனால் அவனுடைய பெருமை மீற்றர்களில் இல்லை. ஒரு சுவிச்சில். 'சென்றி சுவிச்' என்று பெயரும் வைத்திருந்தான்.

உங்களுக்குத் தெரியாததா? இருள் விழுகிற மம்மல் நேரத்தில் ஆமிக்காரன் காவல் நிற்கிற சென்றியை நெருங்கினால் ஹெட்லைற்றை நூர்க்கவேண்டும், உள் லைற்றைப் போடவேண்டும். ஒன்றை மறந்தாலும் முதலில் வெடிதான் பேசும், பிறகுதான் ஆள் பேசுவார்.

"ரெண்டுக்கும் ஒரே சுவிச். அமத்தினா முன் லைற் நூரும், உள் லைற் எரியும், மீற்றர் எல்லாம் பளிச்செண்டு தெரியும். பற்றறியில இருந்து நேர கரண்ட். சாவிய எடுத்தாலும் எரியும். எட்டிப் பாக்கிறவனுக்கு இஞ்ச ஒளிக்க ஒண்டுமில்ல எண்டு விளங்கணும், அத்தான்."

உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படியொரு சுவிச் வைப்பார்களா?

கூடவே ஒரு சின்ன பஸர். ஒயில் பிரஷர் விழுந்தால் கத்தும், சிவப்பு பல்ப் ஒன்று விட்டு விட்டு எரியும். எஞ்சினைக் காப்பாற்றுவதற்காம்.

ஞாயிற்றுக்கிழமை காரை அமிர்தகழியிலிருந்து பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. பத்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் கூடப் போங்க. இருட்ட முதல் அவனக் கூட்டிக்கொண்டு வாங்க. கார் வந்தாலும் ஒண்டுதான், வராட்டியும் ஒண்டுதான். அவன் வரணும்."

பத்மாவுக்குத் தம்பிமார் இரண்டு பேர். பெரியவனை ஒரு சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் வீட்டுக்கு வந்தது, அவன் வரவில்லை. பத்மா ஏறாத வாசல் இல்லை. இந்தப் பாலத்தடி ஆமி முகாம் வாசலுக்கு எத்தனை தரம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை... இதற்கு மேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் கத்தரிக்கோலோடு வருவார். நேசனைக் கூட்டிக்கொண்டு வராமல் நான் அந்த வீட்டுப் படி ஏற முடியாது. அவ்வளவுதான்.

பகல் சாப்பிட்ட கையோடு வெளிக்கிட்டிருக்கவேண்டும். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணியதும் சூடு காட்டுகிற முள்ளு ஒரே ஏற்றமாக ஏறி உச்சியில் போய் நின்றது. எஞ்சினோ பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. நேசன் திரும்பவும் பலகைக்குக் கீழே புகுந்துவிட்டான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

நான் நடந்தேன். இருந்தேன். மறுபடி நடந்தேன். வெயில் சரிந்துகொண்டே போனது.

"விடு நேசன். முள்ளு கிடந்தாக் கிடக்கட்டும்."

"பொறுங்க அத்தான். பிழையாக் காட்டுற மீற்றர வச்சுக்கொண்டு எப்பிடி ஓடுற?"

இந்த நாட்டில் எதுதான் சரியாகக் காட்டுகிறது என்று கேட்க வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். முள்ளு கடைசியில் இறங்கியது. அதற்குள் வாவியில் வெளிச்சமும் இறங்கிவிட்டது.

பாலத்தடி வந்தது. நேசன் சுவிச்சை அமத்தினான். அருமையாக வேலை செய்தது. முன் லைற் நூர்ந்தது. உள்ளே மாமாங்கத் திருவிழாக் கடை மாதிரி ஒரே வெளிச்சம். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எஞ்சினை நிறுத்தி இறங்கச் சொல்லி ஆமிக்காரன் கை காட்டினான். நேசன் சாவியைத் திருகினான். தவழ்ந்து இறங்கினோம்.

பீக்...

எஞ்சின் நின்றால் ஒயில் பிரஷர் விழும். பிரஷர் விழுந்தால் பஸர் கத்தும். வேறு காரில் சாவியை எடுத்ததும் அதுவும் அடங்கிவிடும். எங்கள் காருக்கோ சென்றி சுவிச் பற்றறியிலிருந்து நேரே உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. கொட்டிலுக்குள் எல்லாவற்றையும் பரீட்சித்தவன், சுவிச்சைப் போட்டு எஞ்சினை நிறுத்திப் பார்க்கவில்லை.

ஆமிக்காரன் குனிந்து பார்த்தான். கொத்துக் கொத்தாக வயர். விட்டு விட்டு எரியும் சிவப்பு பல்ப். பீக், பீக். அவன் இடத்தில் நானாக இருந்தாலும் பாய்ந்திருப்பேன். ஏதோ கத்திக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. நாங்கள் றோட்டில்.

"நிப்பாட்டடா" என்றேன், மண்ணைத் தின்றபடி.

"எப்பிடி அத்தான்? சுவிச்சத் தட்டினா ஹெட்லைற் அவங்கட முகத்தில அடிக்கும்."

"அப்ப ஸ்ரார்ட் பண்ணு. பிரஷர் ஏறினா அடங்கும்தானே."

"ஸ்ரார்ட் பண்ணினா ஓடப்போறம் எண்டு சுடுவாங்கள்."

மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், உடைந்த தமிழில் வந்தது. "நீ டிரைவர், போய் நிப்பாட்டு. மத்த ஆள் அசைய வேணாம்."

நேசன் எழும்பினான். கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேட் நனைந்து ஒட்டியிருந்தது. பத்மாவின் முகத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கதவடியில் முழங்காலில் இருந்தான். இரண்டு கையையும் பலகைக்குக் கீழே விட்டான். ஒரே இழுவை. அத்தனை மாதமாக ஒவ்வொன்றாகப் பொருத்திய வயர் எல்லாம் கொத்தோடு கையில் வந்தது. சத்தம் நின்றது. முள்ளுகள் விழுந்தன. உள்ளே இருண்டது.

பிறகு விசாரணை. பலகையைக் கழற்றி றோட்டில் வைத்தார்கள். "இது ட்ரக்டர் மீற்றர். காரில ஏன்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அதைப் பலதரம் கேட்டிருக்கிறேன். நேசன் ஒயில், எர்த், பஸர் என்று விளக்கிக்கொண்டே போக, ஒருவன் கொட்டாவி விட்டான். கடைசியில் தீர்ப்பு. ஆட்கள் போகலாம், கார் நிற்கும்.

பாலத்தை நடந்து கடந்தோம். நேசன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவனுடைய கையை விடவில்லை. படலையில் நின்ற பத்மா அவனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கை கழுவிற்று வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

விடிந்ததும் நேசன் வெளிக்கிட்டான். "மீற்றர் எல்லாம் றோட்டில கிடக்கு அக்கா."

"நீ போகப்படாது" என்றாள் பத்மா. என்னைப் பார்த்தாள். "நீங்களும் வேணா."

சாரி மாற்றினாள். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனாள். எங்கே நிற்பது, யாரை 'சேர்' என்று கூப்பிடுவது, எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். நாங்கள் ஆம்பிளைகள் இருவரும் வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்பது பேச்சுக்கு. படலைக்கும் குசினிக்கும் மாறி மாறி நடந்து நிலத்தைத் தேய்த்தோம்.

வெயில் ஏறிய பிறகு கார் வந்தது. றோட்டால் போன நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வர, கார் ஓடத் தெரியாத பத்மா ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே இருந்தாள். பக்கத்து சீற்றில் மீற்றர் பலகை. நேசன் பாய்ந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டான்.

தள்ளியவர்கள் போய்விட்டார்கள். பத்மா இறங்கவில்லை.

"என்ன சொன்னாங்கள்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லல்ல. எங்கட கார் இஞ்ச இருக்கா எண்டு கேட்டன். ஓம், இருக்கு, கொண்டு போ எண்டாங்கள்."

சொல்லிவிட்டு ஸ்ரியறிங்கில் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கினாள்.

அந்த வாசலில் அவளிடம் 'ஓம், இருக்கு' என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தரம்.