கப்பலில் மாட்டிய மஞ்சள் கயிறு

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோவிலம்பாக்கத்திலிருந்து நானும் என் கணவர் முரளியும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கோவளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் லாரிகள் வருவதற்குள் மேடவாக்கத்தைத் தாண்டிவிட்டோம். அதுவே பெரிய சாதனை.

இரண்டு பேரும் டைவிங் பயிற்சி முடித்துவிட்டு முதல்முறையாகக் கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்கப் போகிறோம். நகை கூடாது என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாலிச் சங்கிலியைக் கழற்றி பீரோவில் வைத்தேன். வெறுங்கழுத்தோடு வாசல் தாண்ட முடியுமா? மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளை முடிந்து கட்டிக்கொண்டேன். கயிறு நகையில் சேர்த்தியா என்ன? என் புத்தி அவ்வளவுதான்.

உலகப் போரில் சரக்கோடு போகும்போது குண்டுபட்டு மூழ்கிய கப்பலாம். என்ன சரக்கு என்று படகோட்டி ஏழுமலையைக் கேட்டேன்.

"அரிசின்றாங்க, துப்பாக்கின்றாங்க, யார் கண்டா? அங்க வல போட்டா மீனும் மாட்டும், வலயும் மாட்டிக்கும்க்கா. இன்னிக்குத் தண்ணி தெளிவா கீது, பயப்படாம எறங்கு."

எட்டு மணிக்குப் பயிற்சியாளரோடு குதித்தோம். பதினைந்து மீட்டர் ஆழம். வெறும் பச்சை மங்கலுக்குள் திடீரென்று ஒரு இரும்புச் சுவர் எழுந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரக்கு இறக்கும் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

எட்டிப் பார்த்தவளால் நிமிர முடியவில்லை. டைவிங் உடையின் கழுத்துப் பட்டையிலிருந்து நழுவிய கயிறு பழைய வலையில் சிக்கியிருந்தது. இழுத்தேன், மஞ்சள் வலைக்கண்ணில் இன்னும் இறுகியது. பதற்றத்தில் காற்றை வாரிக் குடித்தேன், காற்றின் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பயிற்சியாளர் முன்னால் எங்கோ போயிருந்தார். பக்கத்தில் முரளி. அவர் காலில் கத்தி. கயிற்றைக் காட்டி, இரண்டு விரலால் வெட்டச் சொன்னேன்.

கத்தியை உருவினார். கயிற்றின் அடியில் கொடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு, அட கடவுளே, நகத்தால் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்! கத்தியைப் பிடுங்கி நானே அறுத்தேன்.

படகில் ஏறி வாந்தி எடுத்து ஓய்ந்தபின் கேட்டேன்: "ஏன் அறுக்கல?"

"கை வரல சுமதி."

"ஏன் வரல?"

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தாலியாச்சே. அத அறுத்தா எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

ஏழுமலை இன்ஜினைக் கிளப்பினார்.

திரும்பும்போது மேடவாக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். நான் அவர் இடுப்பைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து சங்கிலியை நீட்டினார்.

"போட்டுக்கோ. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

வாங்கி அவர் கழுத்திலேயே மாட்டினேன்.

"உங்க உயிர்தானே? நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க."