அடுக்களை வாசலில் தொங்கிய ஓடை

துறைமுகப் பட்டணத்தின் ஓரத்தில், தாகேதாவில், அக்கா வீட்டு அடுக்களை வாசலில் ஒரு பழைய நில அளவை வரைபடம் திரைச்சீலையாகத் தொங்கியது. கியாக்தான் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்கை வெள்ளைக்காரன் காலத்தில் வரைந்து, கிழியாமலிருக்கப் பின்னால் துணி ஒட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்காகத்தான் அத்தான் அதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினார்; கியாக்தான் படம் என்று கடைக்காரர் சொன்னாராம். அச்சுப் பக்கம் அடுக்களைக்கும் துணிப் பக்கம் கூடத்துக்குமாக அக்கா தொங்கவிட்டாள். வருகிறவர்கள் கண்ணுக்கு வெள்ளைத் துணிதான் லட்சணமாம்.

துறைமுகச் சுமை, லைங் தாயா தையல் ஆலை என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிய நான், காய்ச்சலோடு அங்கே வந்து விழுந்திருந்தேன். அத்தான் கியாக்தானில் வெற்றிலைக் கொடி போட ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர். கோடைக்குள் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்கு விற்றுவிடுவதாகப் பேச்சு.

காலை வெளிச்சத்தில், படுத்திருந்த எனக்குத் துணி வழியாகக் கோடுகள் தெரிந்தன. மேலே புத்தர் கோயில் நிற்கும் பயாக் குன்று, கீழே ஆறு, நடுவில் இப்போது இல்லாத ஓர் ஓடை. தூர்ந்த ஓடையின் மணலில் நல்ல தண்ணீர் நிற்கும் என்றார் அத்தான். ஓடை குன்றுக்கு இடப்பக்கம் தெரிந்ததால், என் காய்ச்சல் விட்டதும், குன்றுக்கு நேர் கீழே கிடந்த நிலத்தின் இடக்கோடியில் இருவரும் தோண்டினோம். கை கொப்பளித்ததுதான் மிச்சம். வந்தது களிமண்ணும் உப்பும்.

சூளைக்காரரை வரச் சொல்லிவிடலாம் என்று அத்தான் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். எங்கே தோண்டினீர்கள் என்று கேட்ட அக்கா, பதிலைக் கேட்டதும் திரையைத் தூக்கிப் பிடித்தாள்.

“இந்தப் பக்கம் வந்து பாருங்க. ஓடை சோத்தாங்கைப் பக்கமில்ல ஓடுது? தெனம் இதப் பாத்துத்தான வெங்காயம் நறுக்குறேன்.”

ஆங்கில எழுத்து, படிக்கத் தெரியாத எங்களுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அதனால் சந்தேகமே வரவில்லை. அத்தான் எச்சில் கையோடு அடுக்களைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “மச்சான், முதுகப் பாத்து மூஞ்சி அடையாளம் சொன்ன ஆளுங்க நாமதான்” என்றார்.

வலக்கோடியில் மணல் வந்தது. மணலுக்குக் கீழே தண்ணீர். அவர் அதை ஒரு போத்தலில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்தபடி அக்காவிடம் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, “தேவலாம்” என்றாள்.

அதன்பிறகு எந்தக் காரியமானாலும், “ஒங்க அக்கா பக்கம் எப்படித் தெரியுதுன்னு கேளு” என்பார். நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பியபோதும் அதையே சொன்னார். போகட்டும் என்றாள் அக்கா.

அத்தான் இப்போது இல்லை. அக்கா கியாக்தானில் வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கிறாள். அங்கே நிலத்தில் கட்டிய வீட்டு அடுக்களை வாசலிலும் அதே வரைபடம். கூடத்துக்கு இன்னும் துணிப் பக்கம்தான். திருப்பிப் போடச் சொன்னால் மறுக்கிறாள். போன மாதம் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். திரையில் ஓடை இடப்பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம், வெளியே, கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது.